வாடகை, பஞ்சர், கணுக்கால்

காசிம் பாய் தவறிவிட்ட செய்தி ஒரு திங்கட்கிழமை காலை என்னிடம் வந்தது. நான் கிளை நூலகத்தின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தேன். எதிரில் டீக்கடை வைத்திருக்கும் கோவிந்தன் கையில் வடிகட்டியுடனே தெருவைக் கடந்து வந்தார்.

"சார், சைக்கிள் கட பாய் தவறிட்டாரு சார். காலைல எழுப்பப் போனா எழுந்திருக்கல."

இருவருமே குனிந்து எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டோம். துக்கச் செய்தி கேட்டவர்கள் பொதுவாக அண்ணாந்து பார்ப்பார்கள். பாயை அறிந்தவர்கள் நாங்கள் ஏன் குனிந்தோம் என்று கேட்கமாட்டார்கள். கோவிந்தனின் வலது கணுக்காலும் என்னுடைய இடது கணுக்காலும் அவர் கடையில் ரிப்பேருக்குப் போய் வந்தவை.

அவரை அறியாதவர்களுக்காக அந்தக் கடையைச் சொல்லிவிடுகிறேன். செங்கம் சாலைக்குத் திரும்பும் இடத்தில் தகரக் கூரை போட்ட சிறிய கடை. பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு பச்சைத் துணித் திரை. வாசலில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள். மேலே ஒரு பலகை: "காசிம் சைக்கிள் கடை. வாடகை, பஞ்சர், கணுக்கால்." பலகை எழுதிய பெயின்டர் கடைசிச் சொல்லைத் தவறு என்று எண்ணி இரண்டு முறை கேட்டாராம். "தப்பு இல்ல, எழுதுங்க. மூணும் ஒரே சைஸ்ல இருக்கணும்" என்று பாய் பதில் சொன்னாராம். வெளியூரிலிருந்து வந்தவர்களில் சிலர் கணுக்காலும் வாடகைக்குக் கிடைக்கும் போலிருக்கிறது என்று நின்று படித்துவிட்டுப் போனார்கள். உள்ளூரில் வேறு விதமாகப் பேசினார்கள். பிரேக் பிடிக்காத சைக்கிளை வாடகைக்கு விட்டுக் காலை முறிப்பதும் பாய்தான், அதைச் சரிசெய்வதும் பாய்தான் என்றார்கள். அவருடைய சைக்கிள்களில் பிரேக் பிடிக்கும் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பெல்தான் அடிக்காது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆசிரமத்துப் பக்கம் வயதான வெள்ளைக்காரர் ஒருவர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஊர் அவரைத் துரை டாக்டர் என்றது. தன் நாட்டில் ஆஸ்டியோபதி என்ற வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். அதில் மருந்தும் ஊசியும் கிடையாது. கையால் தொட்டு, மூட்டும் தசையும் எப்படி அசைகின்றன என்று பார்த்து, அசைய மறந்ததை மெதுவாக அசையப் பழக்குவது என்று எனக்கு விளங்கியது. அவர் மலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாம் என்று வந்தவர். ஆனால் மலையைச் சுற்றி வெறுங்காலோடு எட்டு மைலுக்கு மேல் கல்லில் நடப்பதைப் புண்ணியமாக வைத்திருக்கும் ஊரில், கால் வைத்தியம் தெரிந்த ஒருவர் சும்மா இருப்பது நடக்கிற காரியமில்லை.

துரை டாக்டர் மாத வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்திருந்தார். ஒருநாள் அதன் பின்சக்கரம் வளைந்துவிட்டது. பாய் அதைக் கோட்டம் எடுப்பதை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் வளைந்த இடத்தை பாய் அடிக்கவில்லை. சுற்றிவிட்டுப் பார்த்து, வளைந்த பக்கத்து ஸ்போக் கம்பி இரண்டைக் கால் திருகு தளர்த்தி, மறுபடி சுற்றி, எதிர்ப்பக்கம் அரைத் திருகு இறுக்கினார். அரை மணி நேரத்தில் சக்கரம் நேராக ஓடியது. டாக்டர் எழுந்து வந்து கைகுலுக்கினார். பிற்பாடு பாய் இதைச் சொல்லும்போதெல்லாம் ஒரே மாதிரிதான் சொல்வார்:

"துரை சொன்னாரு சார், நீயும் நானும் ஒரே வேலை பாக்குறோம், உன்கிட்ட வர்றது மட்டும் கத்தாதுன்னு."

மூன்று வருடம் பாய் அவரோடு இருந்து கற்றுக்கொண்டார். டாக்டர் உடம்பு முழுவதையும் சொல்லித்தர ஆசைப்பட்டார். பாய் கணுக்காலோடு நிறுத்திக்கொண்டார். ஒன்றை ஒழுங்காகத் தெரிந்துகொண்டால் போதும், மற்றதற்கு ஆஸ்பத்திரி இருக்கிறது என்பது அவர் கட்சி. முழங்காலுக்குக் கீழே இருக்கும் சிறிய மூட்டு வரை கை போகும், ஏனென்றால் கணுக்கால் திரும்பும்போது அதுவும் சேர்ந்து திரும்புகிறது என்று டாக்டர் காட்டியிருந்தார். அதற்கு மேல் போகாது. ஒருமுறை லாரியில் வந்து இறங்கிய காண்டிராக்டர் ஒருவர் முழங்காலைக் காட்டினார்.

"இது நம்மளுது இல்லீங்க. வேலூர் போங்க."

"யோவ், கணுக்காலுக்கும் முட்டிக்கும் ஒரு ஜாண்தானய்யா?"

"ஒரு ஜாண் ஜாஸ்திங்க."

விசா முடிந்து டாக்டர் ஊருக்குப் போகும்போது மரத்தால் செய்த பாத எலும்புகளைக் கம்பியில் கோத்த ஒரு பொம்மைக் காலைக் கொடுத்துவிட்டுப் போனார். அது கடையில் டியூப்களுக்கு நடுவே தொங்கியது. அதை விலைக்குக் கேட்டவர்களும் உண்டு.

பாயின் முறைகள் கண்டிப்பானவை. சுளுக்கோடு வருகிறவர்களை முதலில் நான்கு அடி நடக்கச் சொல்வார். பிறகு கணுவின் இரண்டு பக்கத்து எலும்பையும் பாதத்தின் ஓரத்தையும் விரலால் அழுத்துவார். நடக்க முடியாவிட்டாலோ, எலும்பில் கை பட்டதும் துள்ளினாலோ, "ஆஸ்பத்திரி போயி போட்டோ எடுங்க" என்று எக்ஸ்ரேவுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். கெஞ்சினால் ஸ்பானரை எடுத்துக்கொண்டு சைக்கிள் பக்கம் திரும்பிக்கொள்வார். சுளுக்குதான் என்று முடிவானால் முதல் இரண்டு நாள் காலை உயரத் தூக்கி வைத்து, பானைத் தண்ணீரில் நனைத்த துணி. எண்ணெய் தேய்ப்பது கூடாது, வெந்நீர் கூடாது, சுளுக்கு வழிக்கிறேன் என்று வருகிற உறவுக்காரர்கள் அறவே கூடாது. "வீங்குன காலு தூங்குற கொழந்த மாதிரி. தட்டி எழுப்பாதீங்க" என்பார். அப்புறம் நாளுக்கு நாள் கொஞ்சமாக அசைத்துப் பழக்குவார். கடைசிப் பாடம் ஒற்றைக் காலில் நிற்பது. தினமும் காலையில் பல் துலக்கும் நேரம் முழுவதும் அடிபட்ட காலில் நிற்க வேண்டும்.

"சுவரு பக்கத்துல இருக்கணும். தொடக் கூடாது" என்பது இதற்கு அவர் வைத்திருந்த சட்டம்.

நம் ஊரில் இந்தச் சட்டம் சில சங்கடங்களை உண்டாக்கியது. தாலுகா அலுவலகத்துக் குமாஸ்தா தணிகாசலத்தைப் பலருக்குத் தெரியும். அவர் குடியிருந்தது செங்கம் சாலையில் ஒரு மாடி அறையில். கணுக்கால் தேறிவந்த நாட்களில் மொட்டை மாடியில் மலையைப் பார்த்தபடி ஒற்றைக் காலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து விடுதியில் தங்கியிருந்த வெளிநாட்டு இளைஞர் ஒருவர் இதை இரண்டு நாள் தூரத்திலிருந்து பார்த்தார். மூன்றாம் நாள் மாடியேறி வந்து எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். தணிகாசலத்தால் பேச முடியவில்லை, வாய் நிறையப் பற்பொடி. துப்பவும் முடியவில்லை, எதிரில் ஆள். மௌனம் இந்த ஊரில் பெரிய தகுதி. நான்காம் நாள் அந்த இளைஞர் இரண்டு நண்பர்களை அழைத்து வந்தார். ஐந்தாம் நாள் வாழைப்பழம் வந்தது. தணிகாசலம் பாயிடம் ஓடிப் போய், "பாய், கால் சரியாயிடுச்சு, நிறுத்திடட்டுமா?" என்று கேட்டாராம்.

"இன்னும் பத்து நாளு இருக்குது."

"அதுக்குள்ள எனக்கு மடம் கட்டிடுவாங்க பாய்."

"கட்டட்டும். வாசப்படி மட்டும் ஒசரமா வெக்காதீங்கன்னு சொல்லுங்க."

பாய் வலது காலைத் தாங்கித் தாங்கித்தான் நடப்பார் என்பதையும் சொல்ல வேண்டும். பதினெட்டு வயதில் கணுக்கால் புரண்டு, யாரோ மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டி, ஒன்றரை மாதம் அசையவிடாமல் வைத்துவிட்டார்கள். அந்த மூட்டு அப்படியே நின்றுவிட்டது. துரை டாக்டர் பார்த்துவிட்டு இது இனி இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். "உங்க காலே நொண்டுது, ஊருக் காலப் பாக்க வந்துட்டீங்களா?" என்று கோவிந்தன் ஒருநாள் நேரிலேயே கேட்டார். கோவிந்தனுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. பாய் அவர் பாதத்தைக் கையில் பிடித்தபடியே, "அதான் பாக்குறேன்" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

இனி என் வீட்டுக் கதை. காசிம் பாயைப் பற்றி எழுத எனக்கு உள்ள உரிமை இதுதான்.

என் மனைவி கமலாவின் தம்பி பட்டாளத்தில் இருந்தான். எல்லையில் சண்டை நடந்த சமயத்தில் மூன்று மாதம் அவனிடமிருந்து கடிதம் இல்லை. கடிதம் வந்துவிட்டால் முப்பத்தாறு பௌர்ணமி, ஒன்றுகூட விடாமல், வெறுங்காலோடு மலையைச் சுற்றுவதாக அவள் வேண்டிக்கொண்டாள். கடிதம் வந்தது. அதில் அவன் எலுமிச்சை ஊறுகாய் அனுப்பச் சொல்லியிருந்தான். கமலா ஊறுகாயையும் அனுப்பிவிட்டு நடக்கத் தொடங்கினாள். நிபந்தனை அவளே போட்டது: ஒரு பௌர்ணமி தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. மழையில் நடந்தாள், ஜுரத்தில் நடந்தாள். முப்பத்து நான்கு முடிந்தது.

முப்பத்து நான்காவது முடிந்த மூன்றாம் நாள், ரேஷன் கடை வாசற்படியில் மண்ணெண்ணெய் டின்னோடு இறங்கும்போது அவள் வலது கால் புரண்டது. டின்னைக் கீழே விடவில்லை. விட்டிருந்தால் கால் தப்பியிருக்கும் என்று நான் சொன்னேன். மண்ணெண்ணெய் போயிருக்கும் என்றாள்.

எங்கள் தெருவில் சரோஜா என்று ஒரு பெண் இருந்தாள். பிறக்கும்போது கால் முதலில் வந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நான் நூலகத்திலிருந்து வருவதற்குள் சரோஜா மூன்று முறை மிதித்துவிட்டுப் போயிருந்தாள். சாயங்காலம் அந்தக் கால் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது.

ஜட்கா வைத்து பாய் கடைக்கு அழைத்துப் போனேன். பாய் தூரத்திலிருந்து பார்த்தார்.

"மிதிச்சது யாரு?"

கமலா புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். பாய் எந்தத் தெரு என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "சரோஜாம்மா" என்று அவரே முடித்தார். "அவங்க நம்மளுக்கு நெறைய கிராக்கி அனுப்புறாங்க."

பாய் பெண்களின் காலைத் தொடமாட்டார். அவர்களைத் திரைக்கு உள்ளே அவர் மனைவி மெஹருன்னிசா பார்ப்பார். பாய் வெளியே ஒரு பழைய சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு, அதைத் திருப்பித் திருப்பி, என்ன செய்ய வேண்டும் என்று குரல் கொடுப்பார். அன்று கமலா நான்கு அடி நடந்தாள். எலும்பில் வலி இல்லை என்று உள்ளேயிருந்து செய்தி வந்தது. கமலா திரைக்குள்ளிருந்தே கேட்டாள்:

"பாய், அடுத்த பௌர்ணமிக்கு நான் நடக்கணும். முடியுமா, முடியாதா?"

பாய் திரும்பிச் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார். இதிலும் ஒரு விஷயம் உண்டு. பௌர்ணமி எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பது கோயிலைச் சேர்ந்தவர்களைவிட பாய்க்குத் துல்லியமாகத் தெரியும். அன்றைக்குத்தான் அவர் சைக்கிள் எல்லாம் வெளியே போகும். "திதி எனக்கு யாவாரம் சார்" என்பார்.

"இருபத்தாறு நாளு இருக்குதும்மா. காலுகிட்ட சொல்லிப் பாக்கலாம். வாக்குக் குடுக்க மாட்டேன்."

முதல் இரண்டு நாள் ஈரத்துணி. மூன்றாம் நாளிலிருந்து கட்டை விரலால் காற்றில் எழுத்து எழுதும் பயிற்சி. துரை டாக்டர் ஆங்கில எழுத்துகளைத்தான் எழுதச் சொல்வாராம். பாய் மாற்றிவிட்டார். "இங்கிலீஷ் எழுத்து கம்மிம்மா, சீக்கிரம் முடிஞ்சிடும். தமிழ்ல எழுதுங்க." கமலா உயிரெழுத்தில் தொடங்கி உயிர்மெய்க்குப் போனாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன், எதிரே ஒரு கால் ஙகர வரிசையை முழுமையாக எழுதிக்கொண்டிருக்கும். அந்த வரிசையை அவ்வளவு சிரத்தையோடு எழுதியவர்கள் தமிழில் அதிகம் இருக்கமாட்டார்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் கடைக்குப் போனோம். நான் வெளியே பாயோடு உட்கார்ந்திருப்பேன்.

"குதியப் புடிச்சுக் கீழ இழு. மெதுவா. இன்னும் கம்மியா. இப்ப வெளிப்பக்கம் சாய்" என்று பாய் சக்கரத்தைச் சாய்ப்பார்.

உள்ளேயிருந்து "ஆச்சு" என்று குரல் வரும். அது கொஞ்சம் சீக்கிரமாகவே வருகிறது என்று எனக்குத் தோன்றியது. கமலாவிடம் கேட்டேன். அவர் சொல்வதற்கு முன்பே அந்தம்மாவின் கை அங்கே போய்விடுகிறது என்றாள். அதை மெஹருன்னிசாவிடமே சொன்னாளாம். அவர் குரலைத் தாழ்த்தி, "அவரு சொல்லிக்கினே இருக்கட்டும் அக்கா. இல்லன்னா வெளிய அவருக்குப் பொழுது போவாது" என்றாராம்.

மூன்றாவது வாரம் கமலா ஒற்றைக் காலில் நின்றாள். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்பு கடையிலிருந்து எங்கள் வீடு வரை நடந்தாள். பாய் கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு மலை சுற்றலாம் என்றார். வேண்டுதல் வெறுங்காலுக்கு என்றாள் கமலா. பாய் யோசித்தார். பழைய டியூப் ஒன்றைப் பட்டை பட்டையாக வெட்டி உள்ளே அனுப்பினார். மெஹருன்னிசா அதைப் பாதத்தின் நடுவில் கொடுத்து, கணுவைச் சுற்றி எட்டுப் போட்டுக் கட்டினார்.

"இது வெறுங்கால் ஆகுமா பாய்?" என்று திரைக்குள்ளிருந்து கேள்வி வந்தது.

"குதியும் வெரலும் தரையில படுதாம்மா?"

"படுது."

"நடுவுல யாருக்கும் தரை படுறதில்ல. அங்க எல்லாருக்கும் குழிதான்."

கமலா இதை ஏற்றுக்கொண்டாள். நான் படித்த சாஸ்திர விவாதங்களில் இவ்வளவு சீக்கிரம் முடிந்தது எதுவுமில்லை.

பௌர்ணமியன்று பிற்பகல் மூன்று மணிக்குக் கோபுர வாசலில் கிளம்பினோம். அங்கே பாய் ஒரு சைக்கிளோடு நின்றிருந்தார். பௌர்ணமியில் ஒரு சைக்கிளை வாடகைக்கு விடாமல் நிறுத்தி வைப்பதென்பது அவர் செய்யாத காரியம்.

"இது எதுக்கு பாய்?" என்றேன்.

"கூட வர்றேன். வழியில முடியலன்னா அம்மா கேரியர்ல ஒக்காரலாம்."

"உக்காந்தா முப்பத்து நாலும் போச்சு" என்றாள் கமலா.

"தெரியும்மா. ஒக்காராம இருக்கறதுக்குத்தான் கொண்டாந்தேன்."

"அப்ப எனக்குப் பின்னாடி தள்ளிக்கினு வாங்க. முன்னாடி வந்தா கண்ணு அதுலயே போவும்."

அப்படியே நடந்தோம். முன்னால் கமலா, பக்கத்தில் நான், பத்தடி பின்னால் பாய். ஒரு கை ஹேண்டில் பாரிலும் ஒரு கை சீட்டிலுமாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் பேசவில்லை. கமலாவின் காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நான்கரை மைல் தாண்டி, அடி அண்ணாமலை ஊருக்குள் நுழையும் இடத்தில் "நில்லுங்கம்மா" என்றார். அப்போதுதான் வெயில் தாழ்ந்திருந்தது.

"எனக்கு வலிக்கல பாய்."

"வலிக்கலம்மா. ஆனா வலது குதிய சட்டுனு எடுக்குறீங்க. அரை மைலா கேக்குறேன். சக்கரம் எங்கியோ ஒரசுற மாதிரி இருக்குது. இன்னும் ஒரு மைல் போனா வீங்கிடும்."

"பாதிதான பாய் இருக்கு!"

"அந்தப் பாதிக்கும் காலு வேணுமில்லம்மா."

கமலா அந்த இடத்திலேயே நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சொல்ல ஏதாவது தோன்றியிருக்கும். மூன்று வருஷ நடை அந்த ரோட்டில் நின்றுகொண்டிருந்தது. முன்னால் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

பாய் சட்டைப் பையிலிருந்து மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். நாள்காட்டியிலிருந்து கிழித்தது, மறுநாளின் தாள். அதில் பௌர்ணமி மறுநாள் காலை பத்தே முக்கால் வரை என்று இருந்தது.

"இன்னிக்கு இங்க நிறுத்துங்க. காலைல ஆறு மணிக்கு இதே எடத்துலருந்து நடங்க. பத்தே முக்காலுக்குள்ள முடிஞ்சிடும். பௌர்ணமியும் ஒண்ணுதான், சுத்தும் ஒண்ணுதான்."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே பாய்?" என்றேன் நான்.

"சொல்லியிருந்தா ரெண்டாவது மைல்லயே வலிச்சிருக்கும் சார்."

அடி அண்ணாமலையில் பொரிக்கடை வைத்திருந்த முனியம்மா பாயின் பழைய கணுக்கால். அவர் வீட்டில் இடம் கிடைத்தது. ஆனால் கமலாவுக்கு ஒரு சந்தேகம். முனியம்மா வீடு இருபதடி முன்னால் இருந்தது. காலையில் அந்த இருபதடியும் கணக்கில் வரவேண்டும், நின்ற இடம் தவறக் கூடாது. பாய் சைக்கிளில் தொங்கிய பஞ்சர் பையைத் திறந்தார். ரோட்டோரம் அவள் நின்ற இடத்துக்கு நேராக இருந்த கல்லைத் துடைத்து, ரப்பர் சொல்யூஷன் தடவி, பஞ்சருக்குப் போடும் ஒட்டுத் துண்டு ஒன்றை அதில் ஒட்டினார். கட்டை விரலால் அழுத்திப் பிடித்து, ஊதிப் பார்த்தார். அது தொழில் பழக்கம்.

ராத்திரி முழுவதும் முனியம்மா ஈரத்துணி மாற்றிப் போட்டார். காலையில் கமலா திரும்பி வந்து அந்த ஒட்டுக்குப் பக்கத்தில் வலது காலை வைத்து நடக்கத் தொடங்கினாள். பொரிக்கடை பெஞ்சில் படுத்து எழுந்த பாய் சைக்கிளோடு பின்னால் வந்தார். ஒன்பதே முக்காலுக்குக் கோபுர வாசலில் முடித்தோம். இப்படி நடுவில் நிறுத்தி நடந்தது செல்லுமா என்று கோயிலில் ஒருவரைக் கேட்டேன். அவர் அரை மணி நேரம் பதில் சொன்னார். செல்லும் என்றுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். அடுத்த மாதம் முப்பத்தாறாவதை அவள் ஒரே வீச்சில் முடித்தாள்.

அந்தக் கல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த ஒட்டுத் துண்டைச் சுற்றிக் குங்குமம் வைத்திருந்தார்கள். ஆறு மாதத்தில் ஒரு விளக்கு இருந்தது. பாயிடம் சொன்னேன். "பஞ்சர் நல்லா ஒட்டியிருக்குது போல" என்றார்.

முப்பத்தைந்தாவது முடிந்த மறுநாள் நன்றி சொல்லப் போனேன். கடை சாத்தியிருந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க வேலூர் போயிருக்கிறார் என்று சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து மெஹருன்னிசா சொன்னார். பதினைந்து நாள் கடை திறக்கவில்லை. ஒரு செயினும் இரண்டு பெடலும் வாங்கப் பதினைந்து நாளா, வேலூரில் பாய் இன்னொரு மலையைக் கண்டுபிடித்துச் சுற்றிக்கொண்டிருக்கிறார் போலிருக்கிறது என்று கோவிந்தன் கடையில் நான் கிண்டல் செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள். என்னுடைய நகைச்சுவை அப்போது ஊரில் நன்றாக எடுபட்டது.

பாயை அடக்கம் செய்த அன்று, அவரைச் சுமந்து சென்ற ஜனாஸாவுக்குப் பின்னால் ஊரின் கணுக்கால்கள் பெரும்பாலும் வந்திருந்தன. அடக்கம் செய்யும் கபரஸ்தானுக்குப் போகும் பாதை மேடும் பள்ளமும். தணிகாசலம் ஒரு முறை தோள் கொடுத்தார், நானும் கொடுத்தேன். யாருக்கும் கால் இடறவில்லை.

மூன்றாம் நாள் கமலா துக்கம் கேட்கப் போனாள். கணவனை இழந்த பெண் சில மாதம் வெளி ஆண்களைப் பார்க்கக் கூடாத வழக்கம், அதனால் நான் கடை வாசலில் நின்றேன். பலகை அப்படியே இருந்தது. உள்ளே பொம்மைக் கால் தொங்கியது. அரை மணி கழித்து கமலா வந்தாள்.

"அந்தப் பதினஞ்சு நாளு அவரு வேலூருக்குப் போவல" என்றாள்.

"எந்தப் பதினஞ்சு நாளு?"

"நீங்க கிண்டல் பண்ணீங்களே, அது. அந்த நடைல அவரு கால் வீங்கி, தரையில வெக்க முடியாம உள்ளயே படுத்திருந்தாராம். அந்தம்மா ஈரத்துணி போட்டாங்களாம். ஊருக்குச் சொல்லக் கூடாதுன்னுட்டாராம்."

எனக்கு அப்போதுதான் அந்த சைக்கிள் விளங்கியது. ஹேண்டில் பாரில் ஒரு கையும் சீட்டில் ஒரு கையும். கமலா ஏறாமல் இருப்பதற்காகக் கொண்டுவந்த சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, அந்த நின்றுபோன மூட்டோடு, எட்டு மைலுக்கு மேல் அவர் நடந்திருக்கிறார். நடக்கிறவளுக்குப் பின்னால் ஏறி ஓட்டியிருக்கலாம். அது அவருடைய சைக்கிள், அவருக்கு எந்த வேண்டுதலும் இல்லை. அவர் ஏறவில்லை. சக்கரத்தில் ஏதோ உரசுவது மாதிரி கேட்கிறது என்று அவர் சொன்னபோது, அவர் காலடியை நாங்கள் யாரும் கேட்கவில்லை.

"வேற என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"நான் அழுதேன். அவங்க என் காலப் பாத்தாங்க. ஒத்தக் கால்ல நிக்கிறீங்களா அக்கான்னு கேட்டாங்க. விட்டு ரொம்ப நாளாச்சுன்னேன். எழுந்திருச்சு நில்லுங்கன்னாங்க. நின்னேன். பக்கத்துலயே இருந்தாங்க."

காசிம் பாயிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு இடது கணுக்கால், கமலாவிடம் ஒரு வலது. இப்போது காலையில் கிணற்றடியில் இரண்டு பேரும் பல் துலக்கும்போது அதனதன் மேல் நிற்கிறோம். அறுபதை நெருங்கும் வயதில் பார்க்க நன்றாக இராது. சரோஜா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, யாருக்கு வேண்டுதல் என்று கேட்டாள். கமலா வாயில் நுரையோடு ஏதோ சொன்னாள். சுவர் பக்கத்தில்தான் இருக்கிறது. நாங்கள் தொடுவதில்லை.